பரங்கிமலை எம்.சி. ராஜா: மாறிய அணிகள், மாறாத கோரிக்கை



தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை என்று விரியும் நம் வட்டாரம் தந்த அரசியல் தலைவர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். பரங்கிமலைத் தொகுதி என்றால் உங்களில் பலருக்கு எம்.ஜி.ஆர். நினைவு வரும். 1967இல் குண்டடிபட்டு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அவர் வென்ற தொகுதி அது. 1971இலும் அங்கேதான் வென்றார். தாம்பரம் தொகுதி என்றால், 1977இல் இங்கே வென்று சட்டப்பேரவைத் தலைவராக அமர்ந்த முனு ஆதியை மூத்தவர்கள் சொல்வார்கள். நான் பேச வந்திருப்பது இவர்களுக்கெல்லாம் முந்திய ஒருவரைப் பற்றி. பரங்கிமலையில் பிறந்தவர், பரங்கிமலையிலேயே மறைந்தவர். சென்னை மாகாணச் சட்டசபையிலும் டெல்லியில் மத்திய சட்டசபையிலும் ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக நின்றவர். மயிலை சின்னத்தம்பி ராஜா. நாடு அவரை எம்.சி. ராஜா என்றே அறிந்தது.

அவர் பெயரைச் சொன்னால் இன்று இரண்டு விதமான மறுமொழி வருகிறது. ஒன்று, "சைதாப்பேட்டை எம்.சி. ராஜா ஹாஸ்டலா?" என்பது. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த ஆயிரக்கணக்கான ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தலைசாய்க்க இடம் தந்த விடுதி அது. அங்கே தங்கிப் படித்து வழக்கறிஞரானவர்கள், பேராசிரியரானவர்கள், அரசு அதிகாரியானவர்கள் ஏராளம். இன்னொன்று, கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் சொல்வது: "அம்பேத்கருக்கு எதிராக இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் போட்டவர்தானே?" முதல் மறுமொழியில் மனிதர் கட்டடமாகிவிடுகிறார். இரண்டாவதில் ஒரு கையெழுத்தாகச் சுருங்கிவிடுகிறார். அறுபது ஆண்டு வாழ்ந்து, அதில் பல ஆண்டுகளைப் பொதுவாழ்வில் கழித்த ஒருவரை இப்படி அறிவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் பிறந்தது 1883 ஜூன் 17. அந்தக் காலத்துப் பரங்கிமலையை நினைத்துப் பாருங்கள். மலைமேல் தோமையார் தேவாலயம். அடிவாரத்தில் பட்டாளத்துக் கண்டோன்மென்ட். பீரங்கிப்படை முகாம், அதிகாரிகளின் பங்களாக்கள், அணிவகுப்பு மைதானம். இவற்றுக்குத் துணையாக வேலைக்காரர்களும் சமையல்காரர்களும் குதிரைக்காரர்களும் எழுத்தர்களும் குடியிருந்த தெருக்கள். கிராமத்தில் மிராசுதாரின் நிலத்தையே நம்பிப் பிழைக்க வேண்டியிருந்த பறையர் குடும்பங்களுக்கு இந்தக் கண்டோன்மென்ட் ஒரு மாற்று வழி. கூலி காசாகக் கையில் வரும். பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளி எட்டும் தொலைவில் இருக்கும். ராஜாவின் தந்தை மயிலை சின்னத்தம்பிப் பிள்ளை லாரன்ஸ் அசைலம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வசதியான குடும்பமில்லை, ஆனால் எழுத்தறிவு நுழைந்துவிட்ட குடும்பம். மகன் ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்தார், வெஸ்லி கல்லூரியில் படித்தார், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

தாம்பரத்தில் நின்று கிறித்தவக் கல்லூரி என்று சொன்னால், சேலையூர்க் காட்டுக்கு நடுவே இருக்கும் இன்றைய வளாகம்தான் உங்கள் மனத்தில் தோன்றும். ராஜா படித்தது அங்கே இல்லை. அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 1931இல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. படித்த கல்லூரி தன் வீட்டிலிருந்து சில ஸ்டேஷன் தூரத்துக்கு வந்து சேர்ந்தபோது ராஜாவுக்கு வயது 54. அதே ஆண்டு அவர் மாகாண அமைச்சராகவும் இருந்தார்.

படிப்பு முடிந்ததும் அவர் போனது பள்ளிக்கூடத்துக்கு, ஆசிரியராக. இது அவர் வாழ்க்கை முழுவதையும் விளக்கும் செய்தி என்று நான் நினைக்கிறேன். பாடநூல்கள் எழுதினார். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்று மழலையருக்கான நூல் ஒன்றும் கொண்டுவந்தார். தன் சமூகத்துக் குழந்தைகள் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நாளில், மாகாணத்துக் குழந்தைகள் எல்லாருக்குமாக ஒரு நூலைத் தொகுத்த மனிதர் அவர். இந்த ஒரு செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்?

அரசியலுக்கு அவர் வந்த வழி செங்கல்பட்டு ஜில்லா போர்டு. இங்கே நம் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாம்பரமும் பல்லாவரமும் பரங்கிமலையும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். 1891இல் அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடிசை போட்ட மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாத மக்கள், கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்ட மக்கள், தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசுதார்கள் தடுத்துவிட்ட மக்கள் என்று அதில் விரிவாக எழுதினார். அந்த அறிக்கையின் பயனாகத்தான் 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டு வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையெல்லாம் எங்கே போயிற்று என்று இங்கே சொல்லத் தேவையில்லை. 1994 அக்டோபரில் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்து, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தது, நூறு ஆண்டு கழித்தும் அது ஆறாத புண் என்பதைக் காட்டியது.

அந்த மண்ணிலிருந்து இருவர் எழுந்தார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மூத்தவர். பரங்கிமலை ராஜா அவருக்கு ஒரு தலைமுறை இளையவர். இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் அரசியல் என்றால் இந்த இரண்டு செங்கல்பட்டுக்காரர்களைச் சுற்றித்தான் அது நடந்தது. 1916இல் ராஜா ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். அதே ஆண்டு உருவான தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தில், அதாவது நீதிக்கட்சியில், தொடக்க காலத்திலேயே சேர்ந்தார்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920இல் சென்னைச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு. அந்த அளவுகோலில் சேரி முழுவதும் வாக்குரிமைக்கு வெளியே நின்றது. அதனால் ஒடுக்கப்பட்டோருக்கு நியமன இடங்கள் சில ஒதுக்கப்பட்டன. அப்படி அமைந்த சபைக்குள் நுழைந்த ராஜா, ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முன்னோடி. நீதிக்கட்சியின் சட்டசபைத் துணைத்தலைவர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

கட்சி ஆட்சிக்கு வந்தது. பிராமணரல்லாதாருக்கு அரசு வேலையில் இடம் வேண்டும் என்ற முழக்கத்தில் வென்ற கட்சி. 1921இல் பனகல் அரசர் தலைமையிலான அமைச்சரவை முதல் வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. இந்தியச் சமூகநீதி வரலாற்றில் அது பெரிய நாள், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆணையில் ஆதிதிராவிடர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இல்லை. ராஜா தூதுக்குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். கட்சி செவிசாய்க்கவில்லை. 1920களின் கடைசியில் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்து கொண்டுவந்த திருத்தப்பட்ட ஆணையில்தான் பன்னிரண்டு இடங்களுக்கு ஒன்று ஒடுக்கப்பட்டோருக்கு என்று எழுதப்பட்டது. பன்னிரண்டில் ஒன்றைப் பெறுவதற்கே அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1921ஆம் ஆண்டு இன்னொரு காரணத்தாலும் மறக்க முடியாதது. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் ஜூன் மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஏன் திரும்பினார்கள்? ஒரு வாரக் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீடு அவர்களுடையது; கடன் கொடுக்கவும் ஆளில்லை. தொழிலாளர் ஒற்றுமை என்ற பெயரில் அவர்களிடம் பட்டினியைக் கேட்டவர்கள், மற்ற நாளில் அவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இல்லை. ராஜா அவர்கள் வேலைக்குத் திரும்பியதை ஆதரித்தார். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின.

நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் வெளியிட்ட கருத்து, அரசு ஆதிதிராவிடர்களுக்குக் காட்டிய சலுகைதான் பிரச்சினைக்குக் காரணம் என்றும் அவர்களை அந்தப் பகுதியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. வீடு எரிந்தவனையே ஊரைவிட்டுப் போகச் சொன்ன தீர்ப்பு அது. தியாகராயர் நகரின் பெயரில் வாழும் அந்தப் பெரியவரின் கல்விப் பணியையும் நகராட்சிப் பணியையும் நான் மதிப்பவன். நகராட்சிப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியவர் அவர். அந்த மதிப்பு குறையாமலே சொல்கிறேன்: புளியந்தோப்பு விஷயத்தில் அவர் செய்தது பெரும் பிழை. ராஜா சபையில் எழுந்து தன் கட்சித் தலைமையையே எதிர்த்துப் பேசினார். 1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். ஆளுங்கட்சியில் துணைத்தலைவராக இருந்தவர், தன் மக்களின் குடிசைகள் எரிந்த கேள்விக்காக அந்தப் பதவியை உதறினார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நடுவே 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை விட்டுவிட்டு, தமிழ்ப் பகுதிகளில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதிகளில் ஆதி ஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது தீர்மானம். இன்று நம் ஊர்ப் பள்ளிகளில் மாணவர்கள் கொடுக்கும் சாதிச் சான்றிதழில் இருக்கும் ஒரு சொல், அரசுத் துறை ஒன்றின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஒரு சொல், ஒரு சட்டசபை உறுப்பினர் எழுந்து நின்று வாதாடிப் பெற்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1924இல், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஒருவர் தொடங்கியதை மற்றவர் தொடர்ந்தார்.

1925இல் ராஜா ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1926இல் அகில இந்திய அளவில் ஒடுக்கப்பட்டோர் சங்கம் அமைந்தபோது அதன் தலைவரானார். 1927இல் டெல்லி மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபையில் ஒடுக்கப்பட்டோரிலிருந்து அமர்ந்த முதல் மனிதர் அவரே. சைமன் குழுவோடு சேர்ந்து பணியாற்றிய, சங்கரன் நாயர் தலைமையிலான இந்தியக் குழுவிலும் இடம்பெற்றார். அம்பேத்கரின் பெயர் நாடறிந்த பெயராக வளர்ந்துகொண்டிருந்த நேரம். அதுவரை அனைத்திந்திய அளவில் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் யார் என்று கேட்டால் எம்.சி. ராஜா என்றுதான் பதில் வந்திருக்கும்.

இனி 1932க்கு வருகிறேன். இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும்.

லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர்கள் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். ராஜாவுக்கு அழைப்பு இல்லை. இருவரும் அங்கே தனித்தொகுதி முறை கேட்டார்கள். ஒடுக்கப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே, தங்கள் வாக்கால் மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறை அது. ராஜாவும் அதுவரை தனித்தொகுதியை ஆதரித்தவர்தான். 1932இன் தொடக்கத்தில் அவர் நிலை மாறியது. இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்: மக்கள்தொகைக்கு ஏற்ப இடஒதுக்கீடு, ஆனால் கூட்டுத்தொகுதி.

அழைப்பு வராத மனக்கசப்புதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. மனித மனத்தில் அதற்கும் இடம் இருக்கும். ஆனால் அது மட்டும் போதாது. ராஜாவின் நோக்கில் நின்று பாருங்கள். கிராமத்தில் சேரி தனித்திருக்கிறது. வேலையும் தண்ணீரும் வழியும் ஊர்க்காரர் கையில் இருக்கிறது. தேர்தலிலும் சேரியைத் தனியாக நிறுத்திவிட்டால், சாதி இந்து வேட்பாளருக்குச் சேரிப் பக்கம் எட்டிப்பார்க்கும் தேவைகூட இல்லாமல் போகும் என்ற அச்சம் உண்மையான அச்சம். கூட்டுத்தொகுதியில் அவன் வந்து வாக்குக் கேட்டே ஆக வேண்டும். இது ஒரு வாதம். எதிர்வாதம் அதைவிட வலுவானது: கூட்டுத்தொகுதியில் எண்ணிக்கையில் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டிய ஒடுக்கப்பட்ட வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், அவர் தன் மக்களுக்குப் பதில்சொல்லத் தேவையிருக்காது. அம்பேத்கர் சொன்னது இதுதான். பின்னால் நடந்ததும் இதுதான். அம்பேத்கர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் முடிவு. அந்த ஒப்பந்தத்தின் காலமும் தவறு. லண்டனில் ஒருவர் வாதாடிக்கொண்டிருக்கும்போது இங்கிருந்து வேறொரு குரல் போவது, எதிர்த்தரப்புக்குத்தான் கைகொடுத்தது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு தனித்தொகுதியை வழங்கினார். செப்டம்பர் 20 அன்று காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மெக்டொனால்டு தீர்ப்பில் மாகாணங்களில் 71 இடங்கள். புனா ஒப்பந்தத்தில் 148. சென்னை மாகாணத்துக்கு 18 என்றிருந்தது 30 ஆனது. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை கைவிட்டுப் போனது. அந்த ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கையெழுத்து இருக்கிறது, சீனிவாசன் கையெழுத்து இருக்கிறது, ராஜா கையெழுத்தும் இருக்கிறது.

பலர் ராஜாவின் கதையை இத்தோடு முடித்துவிடுகிறார்கள். பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

1935இல் அம்பேத்கர், தான் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1936இல் மூஞ்சே ஒரு திட்டத்தோடு ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டோர் சீக்கியராக மாறிக்கொள்ளலாம், புனா ஒப்பந்தச் சலுகைகள் தொடரும், இந்து மகாசபை எதிர்க்காது என்பது அதன் சாரம். நான்கு ஆண்டு முன்பு தன்னோடு ஒப்பந்தம் போட்டவர் எழுதிய கடிதம் அது. ராஜா அதை மறைக்கவில்லை. கோபத்தோடு மறுத்தார், கடிதப் போக்குவரத்தை வெளியிட்டார். எண்ணிக்கைக் கணக்குக்காக ஆட்டு மந்தையைப் போல ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்கு ஓட்டிச்செல்ல எங்கள் மக்கள் கால்நடைகள் இல்லை என்பது அவர் பதிலின் கருத்து. மதமாற்றம் சரியா தவறா என்பதில் அவரும் அம்பேத்கரும் எதிரெதிர்த் துருவம். ஆனால் யாரோ இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து ஒரு சமூகத்தைப் பங்கு பிரிக்கக் கூடாது என்ற அந்தச் சொரணை, அம்பேத்கருக்கு இருந்த அதே சொரணைதான்.

1937இல் புதிய இந்திய அரசுச் சட்டப்படி மாகாணத் தேர்தல். காங்கிரஸ் வென்றது; ஆனால் உடனே பதவியேற்க மறுத்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை ஒன்று இருந்தது. அதில் ராஜா வளர்ச்சித் துறை அமைச்சர். மூன்று மாதப் பதவி; அதைப் பெரிதுபடுத்த ஒன்றுமில்லை. ஜூலையில் ராஜாஜி முதலமைச்சரானார், அன்றைய வழக்கில் பிரதமர்.

அடுத்த ஆண்டுதான் ராஜாவின் சட்டசபை வாழ்வின் உச்சம். 1938இல் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சமூக உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பொதுச் சாலை, ஓடை, கிணறு, குளம், பொதுப் போக்குவரத்து, அரசு நிதியில் நடக்கும் இடங்கள் எதிலும் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றம். அப்படித் தடுக்கும் வழக்கத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. இன்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. அது எழுதப்படுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே, பரங்கிமலைக்காரர் ஒருவர் சென்னைச் சட்டசபையில் அந்த வழியைத் திறந்துவிட்டார்.

அவர் அங்கே நிற்கவில்லை. அடுத்து ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். புனா ஒப்பந்தத்துக்குப் பின் நாடெங்கும் கொடுக்கப்பட்ட வாக்குறுதி அது. அதற்குத் தடை இருக்காது என்றுதான் அவர் எண்ணினார். ராஜாஜி மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். மாகாணம் முழுவதற்கும் ஒரே அடியாகச் சட்டம் வேண்டாம், முதலில் மலபாருக்கு மட்டும் கொண்டுவருகிறேன் என்பது அவர் நிலை. ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற பாங்கில் பதில் வந்தது. ராஜா மசோதாவை விடவில்லை, வாக்கெடுப்புக்கு விட்டார். தோற்றது. அதைவிடப் பெரிய வலி, புனா ஒப்பந்தம் தந்த ஒதுக்கீட்டு இடங்களில் காங்கிரஸ் சார்பில் வென்று வந்திருந்த ஆதிதிராவிட உறுப்பினர்களே கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு எதிர்த்து வாக்களித்தார்கள்.

அந்த நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கூட்டுத்தொகுதியில் வருபவர் யாருக்குக் கட்டுப்படுவார் என்று அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்கு, கூட்டுத்தொகுதிக்காக வாதாடிய ராஜாவின் கண்முன்னாலேயே பதில் கிடைத்தது. தன் சமூகத்துப் பிள்ளைகள் கோயிலுக்குள் போக வேண்டும் என்ற மசோதாவைத் தன் சமூகத்தவரின் கைகளே தோற்கடிக்கக் கண்டார். அந்த மனிதர்களைக் குறைசொல்வதிலும் பொருளில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்த முறை அப்படி. அடுத்த ஆண்டு, 1939 ஜூலையில், வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடரையும் நாடாரையும் அழைத்துச் சென்றார். அதற்குப் பாதுகாப்பாகச் சட்டமும் வந்தது. அந்தப் புகழ் உரியவர்களுக்கு உரியதே. ஆனால் ஓராண்டு முன்பு அதே கோரிக்கையைச் சட்டமாக்கக் கேட்டு, தோற்று, தனியாக வீடு திரும்பிய ஒருவரை அந்த வரலாற்றிலிருந்து விட்டுவிடலாகாது. மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் வந்தது.

1942இல் பிரிட்டிஷ் அரசின் அரசியல் திட்டத்தோடு ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் டெல்லிக்கு வந்தபோது அவரைச் சந்தித்து, அந்தத் திட்டத்தில் ஒடுக்கப்பட்டோருக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொன்னவர்கள் இருவர். ஒருவர் அம்பேத்கர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எம்.சி. ராஜா. பத்தாண்டு முன்பு எதிரெதிரே நின்றவர்கள் ஒன்றாகப் போய்ப் பேசினார்கள். இதைவிடத் தெளிவான சுயவிமர்சனத்தை ஓர் அரசியல்வாதியிடம் எதிர்பார்க்க முடியாது. அடுத்த ஆண்டு, 1943 ஆகஸ்ட் 20 அன்று, அறுபது வயது நிறைந்த இரண்டு மாதத்தில், பரங்கிமலை வீட்டில் அவர் காலமானார்.

நீதிக்கட்சி, பிரிட்டிஷ் அரசு, இந்து மகாசபை, காங்கிரஸ் தலைமை, கடைசியில் அம்பேத்கர் என்று அவர் ஏறி இறங்காத வாசலில்லை. அணி மாறியவர் என்று அவரை எளிதாகச் சொல்லிவிடலாம். கூர்ந்து பார்த்தால் எல்லா வாசலிலும் அவர் கேட்டது ஒன்றே: பள்ளி, நிலம், வேலை, கிணறு, சாலை, கோயில் இவற்றில் எங்கள் மக்களுக்குத் தடை இருக்கக் கூடாது, அதை இரக்கமாக இல்லாமல் சட்டமாகக் கொடுங்கள். கொடுக்காத வாசலை விட்டு வெளியே வந்தார். நியமனத்தால் சபைக்கு வந்தவருக்குப் பின்னால் வாக்குப் பலமும் இல்லை, பணமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. பேச்சும் மசோதாவும் மட்டுமே கருவிகளாக இருந்த ஒருவர் இவ்வளவு சாதித்தார் என்பதே வியப்பு.

நம் காலத்துக்கு வருவோம். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. 70 வார்டுகள். மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். வாக்குரிமையே இல்லாமல் சேரிகள் கிடந்த அதே செங்கல்பட்டு மண்ணில் இது நடந்திருக்கிறது. மகிழ்ச்சி. அதே மண்ணில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்தவர் செய்தியும் நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்த பிறகும் வருகிறது. செத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று விசாரித்தால், சட்டம் எழுதியதற்கும் சட்டம் நடப்பதற்கும் உள்ள தூரம் தெரியும். ராஜா 1938இல் சட்டம் வாங்கிக் கொடுத்தார். அதை நடத்திக் காட்டும் பொறுப்பு உள்ளாட்சிக்கும் நமக்கும் உரியது.

இந்த அவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. சென்னைச் சட்டசபையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ராஜாவின் உரைகளும் அவர் கேட்ட கேள்விகளும் மசோதாக்களும் ஆங்கிலத்தில் அந்தத் தடித்த தொகுதிகளுக்குள் கிடக்கின்றன. இங்கே வந்திருக்கும் முதுகலை மாணவர்கள் ஆளுக்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால், சில ஆண்டுகளில் அவற்றைத் தமிழில் முழுத் தொகுப்பாகக் கொண்டுவந்துவிடலாம். அச்சுச் செலவை ஏற்கும்படி அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது, அந்தத் தொகுப்பின் முதல் பிரதிகள் பரங்கிமலையிலும் தாம்பரத்திலும் உள்ள நூலகங்களுக்கும், சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி மாணவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். வேலையைத் தொடங்க முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து பெயர் கொடுங்கள்.